ஐந்து தளங்களுக்கு ஓர் உரிமையாளர்

1-6-2006, வியாழன்

காலை முதல் காற்று. சன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் விசைப்பலகை முழுவதும் மண். மின்சாரம் இருமுறை நின்றது.

முடிக்க வேண்டியவை: பூட்டுக்கடைத் தளத்துக்குப் புதிய படங்கள். திருமணத் தளத்தில் மறுமணப் பகுதியின் எழுத்துரு. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

சென்னையில் வழங்கியை, அதாவது சர்வரை, வாடகைக்கு விடும் நிறுவனத்துடன் தொலைபேசியில் இருபது நிமிடம். பலர் கூடிக் குடியிருக்கும் வழங்கியில் நாங்கள் எடுத்திருப்பது ஆகச் சிறிய பங்கு. ஒரே தரவுத்தளம். அதற்கு ஒரே பயனர், ஒரே கடவுச்சொல். அந்தப் பயனருக்கு உரிமையாளர் அனுமதி. படிக்கலாம், எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம். படிக்க மட்டும் அனுமதி உடைய இரண்டாவது பயனர் ஒருவர் வேண்டும் என்று கேட்டேன்.

"மேடம், உங்க பேக்கேஜ்ல ஒரு யூசர்தான். ஒரு டிக்கெட் போட்டு வைங்க, பாக்கறோம்."

இது மூன்றாவது டிக்கெட்; அவர்கள் மொழியில் புகார். தொலைபேசிக் கம்பி வழியே கை நீளுமானால் அந்தக் குரல்வளையைப் பிடித்திருப்பேன்.

ஐந்து வாடிக்கையாளர்களின் அட்டவணைகளையும் ஒரே தரவுத்தளத்தில் (த.த.) அடுக்கி, ஒவ்வொருவருக்கும் தனி முன்னெழுத்துக் கொடுத்துப் பிரித்தவள் நான். எந்தக் கல்லூரியும் கற்றுத் தரவில்லை. பிளஸ் டூவோடு நின்றவள். ஆங்கில நூலை அகராதியுடன் இரண்டாண்டுகள் பிசைந்து கற்றேன். பெயர்ப்பலகையில் மட்டும் சேவியர் அண்ணன். திரை அச்சுக்கடையை மூடிவிட்டு இணையத் தொழில் தொடங்கிய முதலாளி. அட்டவணை என்றால் இன்றும் பள்ளிக்கூடக் கால அட்டவணையைத்தான் நினைக்கிறார்.

மாலை, லாரி புக்கிங் ஆபீஸ் பெரியசாமி மாடியேறி வந்தார். ஐவரில் ஒருவர். வெற்றிலை மணம்.

"ஏம்மா கம்ப்யூட்டர், ஒன் பொட்டி நல்லா வேல செய்யுது. நம்ம வீட்டுல நடக்குறதக்கூட அது காட்டுது."

பாராட்டு என்று கொண்டேன். நன்றி தெரிவித்தேன்.

2-6-2006, வெள்ளி

காற்று தணியவில்லை.

பதினொரு மணிக்கு முத்துலட்சுமி. நேரில் காண்பது இதுவே முதல் தடவை. தளத்தில் மறுமணப் பகுதியில் தானே பதிவு செய்துகொண்டவள். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை. கணவன் இறந்து நான்கு ஆண்டு. கீழுதடு பிளந்திருந்தது. இடது காதின் மடல் கிழிந்து, தோட்டைப் பறித்த இடத்தில் இரத்தம் கறுத்திருந்தது. நாற்காலி கொடுத்தேன். தரையில்தான் உட்கார்ந்தாள்.

நேற்றுக் காலை மில் பஸ் நிற்குமிடத்தில், உடன் வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேர் முன்னிலையில் அடித்திருக்கிறான் அவளுடைய கொழுந்தன். அடிக்கு நடுவே ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்திருக்கிறான்.

"நான் எழுதுனத அப்படியே வாசிக்கிறான்க்கா. 'எனக்கு முப்பது வயசுதான் ஆகுது, செவத்தப் பாத்து ஒக்காந்தே கெழவியாகச் சொல்றாக'ன்னு எழுதியிருந்தேன். அத வாசிச்சிட்டு ஒரு அற. அடுத்த வரி, இன்னொரு அற. அவருக்கு மட்டுந்தானக்கா எழுதுனேன்? அது எப்புடி இவன் கைக்குப் போச்சு?"

அவர் என்பது தனபால். சாணார்பட்டியில் மோட்டார் காயில் சுற்றும் கடை. மனைவியை இழந்தவர். இருவரும் எங்கள் தளத்தின் கடிதப் பெட்டி வழியாகத்தான் நான்கு மாதங்களாகப் பேசி வருகின்றனர்.

கொழுந்தன் பெயரைக் கேட்டேன்.

"பெரியசாமி. திண்டுக்கல்ல லாரி புக்கிங் வச்சிருக்கானே."

வெற்றிலை மணக்கும் அந்த வாய்க்குத்தான் நேற்று நன்றி தெரிவித்தேன்.

குஜிலியம்பாறைக்கு அப்பால் இறந்த கணவன் பெயரில் மானாவாரி நிலம். இவள் மறுமணம் புரிந்தாலும் இவளது பங்கு இவளுடன் போகும். அதுதான் விஷயம். கைப்பேசியையும் காலால் மிதித்து நொறுக்கிவிட்டான்.

கடிதங்கள் பாதுகாப்பானவை, வெளியார் எவரும் காண இயலாது என்று தளத்தின் முகப்பில் எழுதியவள் நான். இயலாது என்ற சொல் என்னுடையது.

3-6-2006, சனி

காலையில் செய்தி வந்தது.

தனபாலின் கடைக்குள் நேற்று மாலை நான்கு பேர் புகுந்திருக்கின்றனர். பெரியசாமி நேரில். வலக்கையின் மூன்று விரல்களை அவருடைய மேசையிலேயே பொருத்தியிருந்த வைஸில், பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தாடையில், வைத்துத் திருகியிருக்கின்றனர். எலும்பு உடையும் ஓசை எதிர்க்கடை வரை கேட்டதாம். தாமிரக் கம்பியை மயிரிழை பிசகாமல் சுற்றும் விரல்கள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டின் முனையில் நகங்கள் நீலம்.

"கடைக்கி எப்புடி வழி தெரிஞ்சுச்சுன்னுதான் மேடம் எனக்குப் புரியல. அட்ரஸ் யாருக்கும் காட்டாதன்னு நீங்கதான் அதுல டிக் போட வச்சீங்க."

ஆம். காட்டாதே என்ற கட்டம். அதை அமைத்தவளும் நானே.

பெரியசாமியின் கையை அதே வைஸில் வைத்துத் திருகும் காட்சி. வீடு வந்து சேரும் வரை மூன்று முறை நிகழ்த்திவிட்டேன். மூன்றாவது முறை மெதுவாகத் திருகினேன். பேருந்தில் என் அருகில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

4-6-2006, ஞாயிறு

திருப்பலிக்குச் செல்லவில்லை. அம்மா கதவருகே நின்று திட்டினாள். "கோயிலுக்குப் போகாம அந்த மிஷினக் கட்டிக்கிட்டு அழு."

சாவி என்னிடம். அலுவலகத்தில் தனியே.

முதல் ஐயம்: சேவியர் அண்ணன் கடிதங்களை விற்றுவிட்டார். இரண்டாவது: சென்னைக்காரன். இருவரையும் மனத்துள் தக்க சொற்களால் கொன்று புதைத்த பின், என் பணிக்குறிப்பேட்டை எடுத்தேன். மார்ச் மாதப் பக்கம். என் கையெழுத்து, சாய்வில்லாமல், அழகாக:

"லாரி அலுவலக எழுத்தர் அன்றாடப் பதிவுகளைத் தாமே காண விரும்புகிறார். அதற்கெனத் தனி நிர்வாகப் பக்கம் அமைப்பது வீண் உழைப்பு. அட்டவணைப் பக்கத்தின் முகவரியும் உரிமையாளர் கடவுச்சொல்லும் தரப்பட்டன."

வீண் உழைப்பு. மூன்று நாள் வேலை அது. லாரி எண்ணும் சரக்கும் காட்டும் ஒரு பக்கத்துக்கு என் மூன்று நாட்கள் தகா என்று கருதினேன்.

எழுத்தர் திறப்பது போலவே திறந்து பார்த்தேன். இடப்புறம் பட்டியல். லாரி அட்டவணைகள் நான்கு. அவற்றுக்கு நேர் கீழே திருமணத் தளத்தின் அட்டவணைகள் ஏழு. ஒரு சொடுக்கு: கடிதங்கள். இன்னொரு சொடுக்கு: முகவரிகள். காட்டாதே என்ற கட்டம் வெறும் ஓர் எண், 1. அதன் அருகிலேயே முழு முகவரி, அஞ்சல் குறியீட்டு எண்ணுடன்.

உரிமையாளர் அனுமதி த.த. முழுமைக்கும் செல்லும். முன்னெழுத்தை அது மதிக்காது. இதை அறியாதவள் அல்லள் நான். அந்த எழுத்தருக்கு மேலும் கீழும் பார்க்கும் அறிவு இராது என்று நினைத்தேன்.

சுவரில் தலையை இருமுறை மோதினேன். இரண்டாம் முறை நெற்றி புடைத்தது. அம்மாவிடம் அலமாரிக் கதவு என்றேன்.

5-6-2006, திங்கள்

சே. அண்ணனிடம் முழுவதும் சொல்லி, கடவுச்சொல்லை இப்போதே மாற்றுகிறேன் என்றேன். ஒரு மணி நேர வேலை.

"மாத்தாத. மாத்துனீன்னா நாளைக்கே இங்க வந்து நிப்பான். வைஸ்ல கைய வச்சவனுக்கு ஒன் மானிட்டர ஒடைக்க எம்புட்டு நேரம்?"

"மனிதக் கையைவிட மானிட்டர் பெரிதா அண்ணே?"

"ஏங் கையும் மனுசக் கைதாம்மா! நீ பாட்டுக்கு செந்தமிழ்ல பேசிட்டுப் போயிருவ. அடி எனக்குத்தான் விழும்."

ஸ்டாப்ளரை எறிந்தேன். அவர் மீதல்ல, அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி. சுவரில் காரை பெயர்ந்தது. அவர் குனியவே இல்லை.  பிறகு, "ஏலே சேவியரு, ஒனக்கு இது தேவைதான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

கடவுச்சொல்லை மாற்றவில்லை. ஏன் என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். அஞ்சியதால்.

மாலை ஆஸ்பத்திரி. போலீஸ் வேண்டாம், முதலில் கல்யாணம் என்கிறார் தனபால். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, திண்டுக்கல் பதிவு அலுவலக வாசல்.

"நான் சொல்லச் சொல்ல லெட்டரா அடிச்சு விடுங்க மேடம். லச்சுமி பிரவுசிங் சென்டர்ல பாத்துக்கும்."

கூடாது என்றேன். அந்தப் பெட்டியை இன்னொருவனும் படிக்கிறான் என்று மட்டும் சொன்னேன். எவ்வாறு படிக்கிறான் என்பதைச் சொல்லவில்லை. நேரில் போய்த் தெரிவிப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

6-6-2006, செவ்வாய்

வேடசந்தூர். ஆலை வாயிலில் வெயிலில் ஒன்றரை மணி நேரம். காவலாளி என்னைச் சோப்பு விற்பவள் என எண்ணி இருமுறை விரட்டினார். "இங்க ஏவாரம் பண்ணக்கூடாதுத்தா, போ."

ஷிப்ட் முடிந்து முத்துலட்சுமி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. உதட்டில் இரண்டு தையல். மில் விடுதியிலேயே தங்கிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளி, காலை பத்து, திண்டுக்கல் பதிவு அலுவலகம். மூன்று முறை சொன்னேன். அவளும் சொல்லிக் காட்டினாள்.

"அவரு வெரலு கூடுமாக்கா?"

"கூடும் என்றுதான் மருத்துவர் கூறுகிறார்."

"கூடாட்டி நான் சுத்துறேன். நூலு சுத்துறவளுக்குக் கம்பி சுத்த வராதாக்கும்?" சிரித்தாள். தையல் இழுத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

7-6-2006, புதன்

விடியலில் ஒரு யோசனை உதித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அவன் தினமும் படிக்கிறான். படிக்கட்டும். படிக்க வேண்டியதை நான் தருவேன். உரிமையாளர் அனுமதி அவனுக்கு உண்டெனில் எனக்கும் உண்டு. வெள்ளியன்று அவனைத் திண்டுக்கல்லிலிருந்து கிளப்பிவிட்டால் போதும்.

ஒன்பது மணிக்கு அலுவலகம். கடித அட்டவணையில், தனபாலின் பெயரில், என் கையாலேயே ஒரு புதிய வரி.

முதல் வரைவு: "இடம் மாற்றப்பட்டுள்ளது. தயைகூர்ந்து குறித்த நேரத்தில் வரவும்." தனபால் இவ்வாறு எழுதமாட்டார். அழித்தேன்.

இரண்டாவது: "லச்சுமி, எடம் மாத்திட்டேன். வெள்ளி காலைல பத்து மணிக்கு குஜிலியம்பாறை பஸ் ஸ்டாண்டு. கை முடியல, வேற ஆள வச்சு அடிக்கிறேன். யாரு என்ன சொன்னாலும் நம்பாத, இதுல வர்றதுதான் நெசம்."

கடைசி வாக்கியம் அவனுக்காகவே. அதில் எனக்குத் தனி நிறைவு. பேச்சுத் தமிழை இகழ்பவள்தான். எழுத முனைந்தால் அதையும் செம்மையாக எழுதிவிடுகிறேன்.

சே. அண்ணனிடம் சொல்லவில்லை. தனபாலிடமும் சொல்லவில்லை. வெள்ளி மாலை எல்லோரிடமும் ஒரே முறையாகச் சொல்லலாம்.

8-6-2006, வியாழன்

காற்றோடு நான்கு துளி மழை. மண் நனையவில்லை.

தேநீர்க்கடையில் பெரியசாமியின் ஓட்டுநர்கள் இருவர். எனக்கு முதுகு காட்டி நின்றனர்.

"நாளைக்கி லோடு ஏத்தலையா அப்பு?"

"மொதலாளி வேன் கேட்டாரு. குஜிலியம்பாற போறாகளாம். செத்த நேர வேலதானாம். ஜாக்கிக் கம்பிய எடுத்து வண்டில போடுன்னாரு."

தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். வெறும் பேருந்து நிலையத்தில் கம்பியோடு நின்று வெயில் காயட்டும். வென்றுவிட்டேன்.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து வாங்கியாயிற்று.

9-6-2006, வெள்ளி

காலை 8.20. அலுவலகம். பெரியசாமியின் எழுத்தர் இன்றும் எதையேனும் தொட்டாரா என்று பார்க்கவே கடித அட்டவணையைத் திறந்தேன்.

அதில் "படித்த நேரம்" என்று ஒரு பத்தி உண்டு. கடிதம் யாருக்கோ அவர் தம் கணக்கில் நுழைந்து திறந்தால் மட்டுமே அது நிரம்பும். பெரியசாமி அட்டவணையையே நேரே பார்ப்பதால் அவன் படித்தால் நிரம்பாது.

என் பொய் வரிக்கு நேரே அது நிரம்பியிருந்தது. வியாழன், மாலை 6.40.

முத்துலட்சுமி படித்திருக்கிறாள்.

நேரில் மூன்று முறை சொன்னேனே என்று வாய்விட்டுக் கத்தினேன். பெட்டியில் வருவதை நம்பாதே என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் யாரு என்ன சொன்னாலும் நம்பாத என்று எழுதியிருப்பவள் யார்?

விடுதி எண்ணுக்கு அடித்தேன். "அந்தப் பிள்ள ஆறரைக்கே கெளம்பிருச்சே. பூவெல்லாம் வச்சுக்கிட்டு."

சே. அண்ணன் அப்போதுதான் மாடியேறினார். என் முகத்தைப் பார்த்தார். இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். நான் எதிர்பார்த்தது வேறு. அவர் பைக் சாவியை எடுத்தார். "ஏறு. பெறகு திட்டுறேன்."

இதன் பின்னர் நடந்தது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

பேருந்து நிலையத்தில் வேன், கதவு திறந்தபடி. பெரியசாமி அவள் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான். மல்லிகைப்பூ தரையில். இன்னும் இருவர். சுற்றிலும் ஜனம், எவரும் அசையவில்லை. "குடும்பப் பிரச்சனைங்க, வெலகிப் போங்க" என்று ஒருவன் எல்லோரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் போய் நடுவில் விழுந்தேன்.  கம்பி என் இடது முழங்கையில் இறங்கியது. வலிக்கு முன்னால் ஓசை. அண்ணன் ஒருவனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுந்தார். அவர் வயிற்றில் உதைத்தார்கள், உதைத்துக்கொண்டே இருந்தார்கள், பிடியை விடவில்லை.

நான் விழுந்ததில் பெரியசாமியின் பிடி ஒரு நொடி நழுவியது. முத்துலட்சுமி ஓடவில்லை. இரண்டடியில் இளநீர் வண்டி. அரிவாள் இளநீர்க் குவியலின் மேலேயே இருந்தது.

முதல் வெட்டு தோளில். அவன் திரும்பினான். இரண்டாவது கழுத்துக்கும் தோளுக்கும் இடையில். மூன்றாவதை ஓங்கியவள் நிறுத்திவிட்டாள். அவன் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். இரத்தம் மண்ணில் ஓடவில்லை; மண் உடனுக்குடன் குடித்துக்கொண்டது.

அவளும் அருகில் உட்கார்ந்தாள். அரிவாள் மடியில்.

"அவரு எங்கக்கா? வரச்சொன்னாரே?"

 அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

10-6-2006, சனி

கட்டுப் போட்ட கையோடு, காவல் நிலையத்தின் பெஞ்சில் அமர்ந்து எழுதுகிறேன். பெண் காவலர் வரும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கின்றனர்.

பெரியசாமியை மதுரைக்குக் கொண்டு சென்றுள்ளனர். உயிர் இருக்கிறது. இன்று காலை வரை.

காலை எட்டு மணிக்கு என்னையும் அண்ணனையும் அழைத்தனர். ஆய்வாளர் மேசையில் அச்சிட்ட தாள், லாரி அலுவலக எழுத்தர் கொண்டுவந்து கொடுத்தது. என் வரி. பெரியசாமி தரப்பின் கூற்று: தனபால் பழி தீர்க்கத் திட்டமிட்டு, இக்கடிதத்தால் பெரியசாமியை வரவழைத்து, முத்துலட்சுமியைக் கொண்டு வெட்டச் செய்தான். நேற்றுப் பகலிலேயே பதிவு அலுவலக வாசலில் வைத்துத் தனபாலைப் பிடித்துவிட்டனர். புதுச் சட்டை. மூலையில் சுவரோரம் குந்தியிருந்தார், கட்டுப் போட்ட கையை இன்னொரு கையில் ஏந்தி. நான் எழுதலீங்க, நான் எழுதலீங்க. யாரும் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆய்வாளர் கேட்டார். "இத அடிச்சது யாருன்னு ஒங்க கம்ப்யூட்டர் காட்டுமா, காட்டாதா?"

பதிவேட்டில் உரிமையாளர் என்று மட்டும் இருக்கும் என்றேன். கடிதம் தளத்தின் வழி வந்தாலும், எழுத்தர் எழுதினாலும், நான் எழுதினாலும், அண்ணன் எழுதினாலும் அதே பெயர். ஒரே பயனர்.

"அப்ப யாருன்னு சொல்லவே முடியாது?"

வராந்தாவில் அண்ணன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். வயிற்றைப் பிடித்துக் கூன் விழுந்து நின்றார். "அமலா, பேசாம இரு. எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. நீயும் உள்ள போனா ஒங்கம்மாவ யாரு பாப்பா? வக்கீல் வச்சு அவன வெளிய எடுத்துரலாம்."

உண்மைதான். எவராலும் இயலாது. சென்னைக்காரனாலும் இயலாது.

உள்ளே போய்த் தாளும் பேனாவும் கேட்டேன். எழுதினேன். எழுத்தர் பணி பார்க்கும் ஏட்டு தோளுக்கு மேலாகப் படித்தார்.

"என்னம்மா இது, 'மேற்கண்ட வாசகம் என்னால் இயற்றப்பட்டு'? நான்தேன் எழுதுனேன்னு போடுங்க. கோர்ட்டுக்கு அதுதேன் வெளங்கும்."

அடித்துவிட்டு எழுதினேன். நான்தான் எழுதினேன். தனபாலுக்குத் தெரியாது. முத்துலட்சுமிக்குத் தெரியாது. கடவுச்சொல்லைப் பெரியசாமியின் எழுத்தருக்குக் கொடுத்தவளும் நான்தான். கையொப்பம்.

தனபாலை எழுந்து போகச் சொன்னார்கள். நம்பாமல் சற்று நின்றார். போகும் வழியில் இந்தப் பெஞ்சின் முன்னால் நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே மேடம். நானே அவகிட்டப் போய்ச் சொல்லிருப்பேனே. நடந்தாவது போயிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் நிற்கிறார். முத்துலட்சுமியை எந்நேரம் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார்.

பெண் காவலர் வந்துவிட்டார். கைப்பையைக் கேட்கிறார். இந்த நோட்டையும்